காப்புக் கட்டிய தோட்டம்

சுகாதாரப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கு,

உங்கள் பயிற்சி வகுப்பில் ‘ஆட்களை வழிநடத்தும் ஆற்றல்’ என்றொரு பாடம் வைத்திருக்கிறார்களாம். அதைப்பற்றி என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் காலத்தில் அப்படியொரு பாடம் இருக்கவில்லை. கிணற்றுக்கு மருந்து போடுவது எப்படி, கக்கூசுக் குழியை எவ்வளவு ஆழம் வெட்டுவது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விடுவது, இவ்வளவையும் சொல்லித் தந்தார்கள். அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற மனிதரோடு எப்படிக் கதைப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதை ஏச்சு வாங்கித்தான் படித்தோம். நான் தமிழில் ஏச்சு வாங்கியிருக்கிறேன், சிங்களத்தில் வாங்கியிருக்கிறேன், துரைமாரிடம் இங்கிலீசிலும் வாங்கியிருக்கிறேன். மூன்றிலும் இங்கிலீசு ஏச்சுத்தான் லேசு. பாதி விளங்காது.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். கேகாலைப் பக்கத் தோட்டங்களுக்குச் சுகாதாரப் பரிசோதகனாக வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே வரிசை வீடுகளான லயங்களில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். என் தமிழ் அவர்களுக்கு அவ்வளவு வேடிக்கை. ஒரு வருஷம் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது, எனக்குத்தான்.

நான் சொல்லப் போவது பெரியம்மை வந்த கதை. புளத்கொகுபிட்டியக் கடைவீதியிலிருந்து மேலே ஏறுகிற ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். கீழே ரப்பர், மேலே தேயிலை, நடுவே லயங்கள். தோட்டத்தின் அடிவாரத்தில் ஓயா என்கிற சிற்றாறு, அதன்மேல் ஒரு மரப்பாலம். கலியாணத்துக்கு வந்த விருந்தாளி ஒருவர் காய்ச்சலோடு வந்து, உடம்பெல்லாம் முத்துப் போட்டுப் படுத்துவிட்டார். பிறகு அதே லயத்தில் இன்னும் சிலர். ஓயாவுக்கு அப்பால் ஒரு கொட்டகை போட்டு நோயாளிகளை அங்கே கொண்டுபோய்விட்டோம். அது சுலபமான பகுதி.

கஷ்டமான பகுதி, மிச்சமாக நின்றவர்கள். பெரியம்மை ஒருவனுக்குள் புகுந்தாலும் வெளியே காட்ட நாளெடுக்கும். அதுவரை அவன் நன்றாகச் சாப்பிடுவான், வேலைக்குப் போவான், சிரிப்பான். ஆகவே நோய் அடங்கிவிட்டது என்று தெரியும்வரை ஒருவரும் தோட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. போனால் யட்டியாந்தோட்டைக் கடைத்தெரு, அரநாயக்கப் பக்கத் தோட்டங்கள் என்று சொந்தக்காரர் இருக்கிற இடமெல்லாம் நோயும் கூடவே விருந்துக்குப் போகும்.

எனக்கு மேலதிகாரி ஒரு டொக்டர். என் வயதுதான், என் ஊர்ப் பக்கம்தான். கெட்டிக்காரர். கை சுத்தம், மனமும் சுத்தம். ஆனால் சொன்னதை இரண்டாம் தரம் சொல்ல நேர்ந்தால் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்வார். அவர் பாலத்துக்குக் குறுக்கே கயிறு கட்டச் சொன்னார். கட்டினோம். கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரரையும் நிறுத்தினோம். கயிறு நல்ல கயிறு. ஒரே ஒரு குறை என்னவென்றால், அது பாலத்தில் மட்டும் இருந்தது. பாலத்தைத் தவிர மற்ற எல்லா இடமும் திறந்துதான் கிடந்தது. சனங்கள் கயிற்றுக்கு மரியாதை கொடுத்து, அதைத் தொடாமல், ரப்பர்க் காட்டு வழியே இறங்கி ஓயாவைக் கடந்து போய் வந்தார்கள். டொக்டருக்குக் கோபம் வந்தது. இன்னொரு கயிறு கட்டச் சொன்னார்.

அந்தத் தோட்டத்தில் வேலையாட்களுக்கெல்லாம் தலைவராகப் பெரிய கங்காணி என்று ஒருவர் இருந்தார். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு, தலையில் தலைப்பா, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. காலையில் ஆளெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவர் தும்மினால் அத்தனை பேரும் பேச்சை நிறுத்துவார்கள். துரை சொன்னதைச் சனங்கள் கேட்பதற்குக் காரணம், அதை அவர் திருப்பிச் சொல்வதுதான். நாங்கள் கயிறு கட்டியபோது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது எனக்கு இரண்டாவது கயிறு கட்டும்போதுதான் உறைத்தது. டொக்டரிடம் சொல்லாமல் அவரைப் பார்க்கப் போனேன்.

மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். பூசாரியும் கூட இருந்தார். பூசாரி என்றால் குருக்கள் என்று நினைக்காதீர்கள். கிழமை முழுக்கத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார், வெள்ளிக்கிழமை பூசாரி.

“வாங்கய்யா, ஒக்காருங்க” என்றார் பெரிய கங்காணி. “கயிறு எப்படி இருக்குது?”

“கயிறு நல்லாத்தான் இருக்கு. ஆக்கள்தான் நிக்கிறாங்க இல்லை.”

“கயித்தப் போட்டு அம்மாவக் கட்ட முடியுங்களா? அவ வந்திருக்கா. மரியாத செய்யணும். நாங்க காப்புக் கட்டப் போறோம்.”

“காப்புக் கட்டினால் என்ன நடக்கும்?” என்று கேட்டேன்.

தம்பிமாரே, அந்த வருஷம் முழுக்க நான் செய்த உருப்படியான வேலை அந்த ஒரு கேள்வியைக் கேட்டதுதான். ஏனென்றால் என் வாயில் வேறொரு வசனம் தயாராக இருந்தது. ‘அதெல்லாம் சரி, முதலில் சட்டத்துக்குக் கட்டுப்படுங்கள்’ என்பது அது. நல்ல காலம், அதை விழுங்கிவிட்டேன்.

“மஞ்சக் கயித்த ஆளாளுக்குக் கையில கட்டுவோமுங்க” என்றார் பூசாரி. “கட்டிட்டா அவுக்கிற வரைக்கும் ஒருத்தனும் எல்ல தாண்ட மாட்டான். வெளி ஆளும் உள்ள வரக் கூடாது. கவுச்சி இல்ல, சாராயம் இல்ல, சண்ட இல்ல.”

நான் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சுகாதாரப் பகுதி அச்சடித்து ஒட்டிய கட்டளையில் இருந்ததெல்லாம் இதில் இருந்தது. கவுச்சி, சாராயம், சண்டை இல்லை என்பது மட்டும் கூடுதல்.

“யாரும் மீற மாட்டாங்களோ?”

பெரிய கங்காணி சிரித்தார். “மீறிப் பாக்கச் சொல்லுங்க, பாப்போம்.”

அம்மன் தணிந்துவிட்டாள் என்று கோயிலில் சொல்லும்வரை காப்பு இருக்கும் என்றார்கள். கொட்டகையில் நோய் இறங்குவதையும் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டேன். சரி என்றார்கள். காப்புக் கட்டும்போதே மற்றக் கையில் தடுப்புக்கு அம்மைப் பாலும் குத்திவிட வேண்டும் என்றேன். பூசாரிக்கு அது பிடிக்கவில்லை. அம்மா வந்திருக்கிற நேரத்தில் ஊசியா என்று முனகினார். பெரிய கங்காணி கொஞ்ச நேரம் பிரம்பைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்.

“குத்திக்கிறோம். ஆனா ஐயாவும் காப்புக் கட்டிக்கணும். எங்கள உள்ள வச்சிப் பூட்டிட்டு நீங்க வெளிய நின்னு சட்டம் பேசக் கூடாது.”

சரி என்றேன்.

“இன்னொண்ணு. பொறப்புத் தீட்டு அந்தந்த வூட்டோட நிக்கும். சாவு அப்படி இல்லைங்க. எல்லைக்குள்ள ஒரு சாவு விழுந்தா அந்த நிமிசமே காப்ப அவுத்துருவோம். அப்பறம் எங்க சொல்லும் நிக்காது, ஒங்க சொல்லும் நிக்காது.”

அதற்கும் சரி என்றேன். கொட்டகை ஓயாவுக்கு அப்பால், எல்லைக்கு வெளியே இருந்தது. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் திடமாகத்தான் இருந்தார்கள். அதனால் அந்த நிபந்தனையை நான் பெரிதாக எடுக்கவில்லை.

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊரில் தேர் இழுக்கிறவர், நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே வராதவர். ஆனால் தோட்டத்துச் சாமி வேறு என்று நினைத்தாரோ என்னவோ.

“மஞ்சள் நூலாலை பெரியம்மையை மறிக்கப் போறீரோ? விசர்க் கதை கதையாதையும்.”

“கயிறு மறிக்கேல்லையே, டொக்டர்.”

“நீர் வேணுமெண்டால் கட்டும். நான் கட்டமாட்டன். நான் வெளியிலை நிண்டு பாக்கிறன்.”

ஆக நான் உள்ளே, அவர் வெளியே. துரையின் பங்களா எல்லைக்கு வெளியே இருந்ததால் துரைக்குக் கஷ்டமில்லை. காப்புக் கட்டிய மறுநாள் பெரட்டுக்கு ஆள் குறையாமல் வந்தது. கள்ளுக்கடைக்குப் போய்ப் படுத்துவிடுகிற ஆட்கள்கூட வந்து நின்றார்கள். துரைக்கு மாரியம்மன்மேல் திடீரென்று பெரிய மரியாதை உண்டாயிற்று. இதை வருஷத்துக்கு இரண்டு தரம் செய்ய முடியாதா என்று கேட்டனுப்பினார். பாலத்தில் நின்ற பொலிஸ்காரர் சிங்களவர். அவர்கள் பெரியம்மையை ‘தெய்யங்கே லெடே’ என்பார்கள், தெய்வத்தின் நோய். பாலத்துக் காலில் வேப்பிலை கட்டியதைக் கண்டதும், யாரும் சொல்லாமலே அவர் கயிற்றைவிட்டுப் பின்னுக்குப் போய் நின்றுகொண்டார். தோட்டம் கட்டுப்பாடாக இருப்பதைக் கேள்விப்பட்டு எங்கள் மேலிடம் பாராட்டியது. அவர்கள் பாராட்டியது கயிற்றை.

இனித்தான் செல்லாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செல்லாயி நோய் வந்த அதே லயத்தில் இருந்த கொழுந்து பறிக்கிற பெண். நிறைமாதக் கர்ப்பிணி. தலைச்சன் பிள்ளை. காப்புக் கட்டுவதற்கு முன்னால் நிறைமாதப் பெண்களை வேறு தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். அவளுடைய தாய் அரநாயக்கப் பக்கத்தில் இருந்தாள். காப்புக்கு முதல் நாள் செல்லாயி துணிமூட்டையோடு என்னிடம் வந்தாள்.

“நான் எங்க ஆத்தா வூட்டுக்குப் போறேங்க.”

“போக ஏலாது, பிள்ளை. உன்ரை லயத்திலைதான் நோய் வந்தது. உனக்குள்ளை இருந்தால் அங்கையும் வரும்.”

“எனக்கு ஒண்ணும் இல்லைங்களே. பாருங்க.” கையை நீட்டிக் காட்டினாள்.

“பார்த்தால் தெரியாது.”

அவள் கையை மடக்கிக்கொண்டாள். “அங்க எந் தங்கச்சி புள்ளைக இருக்குதுங்க. அதுகளுக்கும் வருமா?”

“வரலாம்.”

மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்தில் தன் அறைக்கு, காம்பராவுக்கு, திரும்பிப் போய்விட்டாள். அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளை மறித்தது சரிதான். இன்றைக்கும் அதே கேள்வியைக் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன். சரியான பதிலுக்கும் பின்னால் ஒரு சுமை வரும் என்பதை மட்டும் உங்கள் பாடத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காப்புக் காலத்தின் நடுவில் அவளுக்குப் பிரசவ நோவு கண்டது. ஒரு பகலும் ஓர் இரவும் போயிற்று. மறுநாள் காலை தோட்டத்து மருத்துவச்சி காத்தாயி என்னைத் தேடி ஓடிவந்தாள்.

“புள்ள குறுக்கால கெடக்குதுங்க ஐயா. என் கையால ஆகாது. செல்லாயி செத்துப்போயிருமுங்க.”

செல்லாயியைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பாதி வழியில் முடிந்துவிடும். டொக்டர்தான் உள்ளே வர வேண்டும். அவர் வழக்கம்போலக் காலையில் பாலத்துக்கு வந்து நிற்கிற நேரம் அது. ஆனால் வெளி ஆள் உள்ளே வந்தால் காப்புக் கெட்டது. பெரட்டுக் களத்துக்கு ஓடினேன்.

பெரிய கங்காணியிடம் என்ன நடக்கிறது என்று மட்டும் சொன்னேன். உத்தரவு கேட்கவில்லை. ‘ஒரு உயிர் போகிறது, உமக்கு இரக்கமில்லையா’ என்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், அவர் பதில் சொல்ல வேண்டியது எனக்குத்தானே தவிர அவளுக்கல்ல என்று ஆகிவிடும். சொல்லிவிட்டு நின்றேன். ஆட்கள் கூடையோடு சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பிரம்பைத் தட்டவில்லை. அதை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

“பூசாரி” என்றார் கடைசியில். “நடுவுல வந்த ஆளுக்குக் கட்டலாமா?”

பூசாரி மோவாயைச் சொறிந்தார். “கட்டுனதில்லைங்க. கட்டக் கூடாதுன்னும் யாரும் சொன்னதில்ல.”

“அப்பக் கட்டு. ஆனா ஐயா, கட்டுனா அவரும் எங்களோடதான். அவுக்கிற வரைக்கும் வெளிய விடமாட்டோம். துரையே வந்து கூப்பிட்டாலும் சரி.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அவரு கட்டிக்குவாருங்களா?”

எனக்கும் அதுதான் தெரியவில்லை. பூசாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு பாலத்துக்கு இறங்கினேன். டொக்டர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெட்டியோடு நின்றார். விஷயத்தைச் சொன்னதும் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

“வாறன். வழியை விடச் சொல்லும்.”

“நூல் கட்டவேணும், டொக்டர். கட்டினால் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் வெளியிலை போக ஏலாது.”

பெட்டி கீழே இறங்கியது. “எனக்கு இந்தப் பகுதி முழுக்க இருக்கு, ஓய். கொட்டகை நோயாளியள் இருக்கினம். ஒரு நூலுக்காக நான் இஞ்சை அடைபட்டு மறியல் இருக்கிறதோ?”

நியாயமான கேள்வி. கொட்டகையை ஆஸ்பத்திரி மருந்துக்காரர் பார்ப்பார் என்று நான் வாதாடியிருக்கலாம். வாதாடத் தொடங்கினால் அவர் வெல்வார். வாதத்தில் அவரை வென்றவர் கிடையாது. அவர் வென்று முடிக்கும்போது செல்லாயி இருக்கமாட்டாள்.

“சரி டொக்டர்” என்றேன். “நீங்கள் வரவேண்டாம். பெட்டியை மட்டும் பாலத்திலை வையுங்கோ. நான் செய்யிறன்.”

“நீரோ?”

“ஓம். நீங்கள் இஞ்சையிருந்து சொல்லுங்கோ. நான் ஆள் விட்டுக் கேட்டுக் கேட்டுச் செய்யிறன்.”

“உமக்குப் பிள்ளைப்பேறு பற்றி என்ன தெரியும்?”

“கக்கூசுக் குழி எவ்வளவு ஆழம் எண்டு தெரியும்.”

என் முகத்தில் சிரிப்பில்லை. உண்மையில் எனக்குச் சிரிப்பு வரவும் இல்லை. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கொலைகாரனைப் பார்க்கிற பார்வை. பிறகு கயிற்றைத் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வந்து பூசாரியிடம் கையை நீட்டினார்.

“அது எடது கைங்க சாமி” என்றார் பூசாரி. “சோத்துக் கையக் குடுங்க.”

இந்த இடத்தில் என்னைப்பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பெரிய கங்காணிக்கு மௌனம், டொக்டருக்கு ரோசம். ஆளுக்கேற்ற மருந்து கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆட்களை நடத்துகிற வித்தை எனக்குக் கைவந்துவிட்டதென்றே நினைத்தேன்.

காம்பராவுக்குள் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. பொழுது உச்சிக்கு ஏறியபின் டொக்டர் வெளியே வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. பீலியில் விழுகிற தண்ணீரில் கையைக் கழுவினார். கழுவி முடித்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

“தாய் தப்பிவிட்டாள்” என்றார்.

மற்றதை நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

எல்லைக்குள் ஒரு சாவு. பெரிய கங்காணியிடம் சொன்னால் அந்த நிமிஷமே காப்பு அவிழும். அவர் சொன்ன சொல் மாறாதவர். அன்று காலைதான் அதே லயத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. அது அம்மையா, வெறும் காய்ச்சலா என்று இன்னும் தெரியாது. காப்பு அவிழ்ந்தால் பொழுது சாயமுன் அந்த லயமே சொந்தக்காரர் வீடுகளில் இருக்கும்.

“சொல்லத்தானே வேணும்” என்றார் டொக்டர். அவர் குரலில் வழக்கமான எரிவு இல்லை.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றும் கைகொடுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய், சத்தம் போடாதே, எங்களுக்கு வேலை இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? அவளைத் தாய்வீட்டுக்குப் போகவிடாமல் மறித்ததும் இதே வாய்தான். சொல்வது என்றுதான் நானும் முடிவு செய்தேன். காப்பு அவிழட்டும், வருவது வரட்டும் என்று பெரட்டுக் களத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். காத்தாயி கூப்பிட்டாள்.

“ஐயா, செல்லாயி ஒங்களக் கூப்பிடுது.”

வாசலில் நின்றேன். உள்ளே இருட்டு. அவள் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பக்கத்தில் புருஷன் கருப்பையா ஒரு துணிப்பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“வெளிய சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள். குரல் காற்றுப்போல இருந்தது.

“இல்லை, பிள்ளை. இப்பத்தான் போறன்.”

“சொல்லாதீங்க.”

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தேன்.

“சொன்னா காப்ப அவுத்துருவாங்க. இங்கிருந்து எங்க ஆத்தா தோட்டத்துக்கு ஆளு போகும். அங்க எந் தங்கச்சி புள்ளைக இருக்குதுக.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “நான் அப்பறமா அழுதுக்கறேன்.”

தம்பிமாரே, எனக்கு அந்த வாசலிலேயே கண் நிறைந்து விட்டது. சொல்ல வெட்கமில்லை. என் பின்னால் வந்து நின்ற டொக்டர் மூக்கை உறிஞ்சினார். பிறகு புகை என்றார். அடுப்பு எரியவில்லை.

இருட்டியதும் கருப்பையாவும் காத்தாயியும் வாழைமரத்தடியில் குழி வெட்டிப் பிள்ளையை அடக்கினார்கள். அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியதை டொக்டர் முறைப்படி சொன்னார். தோட்டத்துக்குச் சொல்வதைத்தான் பிற்போட்டோம். பிள்ளை பலவீனம், தாய்க்கும் உடம்பு முடியவில்லை, தீட்டும் இருக்கிறது, யாரும் உள்ளே போகாதீர்கள் என்று காத்தாயி வாசலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரர் இருவரில் ஒருவனுக்கு முத்துப் போட்டது. அம்மா இறங்கிய உடம்புக்குக் காப்பு வேண்டாம் என்று பூசாரி அவிழ்த்துவிட, அவனைக் கொட்டகைக்கு அனுப்பினோம். மற்றவனுக்கு ஒன்றுமில்லை.

செல்லாயிக்குப் பால் கட்டிக்கொண்டது. பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். கோயிலில் பூ நிறைய இருந்தது. ஆனால் போய்ப் பூக் கேட்டால் எதற்கென்று எந்தப் பெண்ணுக்கும் தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை. வெறும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு காய்ச்சலோடு கிடந்தாள். டொக்டர் தினமும் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தார். மருந்துக் கொட்டிலில் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் படுத்தார். கூழ் புளிக்கிறது என்றார், கோயில் தப்பு மேளச் சத்தத்தில் தலை இடிக்கிறது என்றார், கொசு என்றார். வெளியே போக வேண்டும் என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

கொட்டகையில் நோய் இறங்கியது. உள்ளே புதிதாக ஒருவருக்கும் காணவில்லை. அம்மன் தணிந்துவிட்டாள் என்று பூசாரி சொன்னார், நானும் தலையாட்டினேன். காப்பு அவிழ்க்கும் நாள் காலையில் கரகம் எடுத்துக்கொண்டு எல்லாரும் ஓயாவுக்கு இறங்கினார்கள். அவரவர் கைக் காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார்கள். பொலிஸ்காரர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். சனங்கள் முதலே மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தவர்கள். கடைக்குப் போவதற்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போவதற்கும் பறந்துகொண்டிருந்தார்கள். தப்பு முழங்கியது. பிள்ளைகள் தண்ணீரில் குதித்தார்கள்.

அப்போது மேலே லயத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

நான் பல சாவு வீடுகளில் நின்றிருக்கிறேன். அப்படியொரு குரலை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. “எந் தங்கமே, எந் தங்கமே” என்ற ஒரே சொல். அத்தனை நாளும் பல்லைக் கடித்து அடக்கி வைத்ததெல்லாம் மலையிலிருந்து கீழே இறங்கி வந்தது. தப்பு தானாக நின்றது.

பெரிய கங்காணி என்னைத் திரும்பிப் பார்த்தார். “எப்பங்க?” என்று கேட்டார்.

சொன்னேன். யார் மறைக்கச் சொன்னது என்பதையும் ஏன் என்பதையும் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற தன் மனைவியிடம், “ஒனக்குத் தெரியுமா?” என்றார்.

“அந்தக் காம்பராவுல புள்ள சத்தமே கேக்கலையே” என்றாள் அவள். “பொம்பளைங்க எங்களுக்குத் தெரியாதா?”

காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலே சுவர் கூரை வரைக்கும் கிடையாது. ஓர் இருமல் லயத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும். நானும் டொக்டரும் பெரிய இரகசியம் காப்பதாக நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம். லயத்துப் பெண்கள் எல்லாரும் முதல் நாளே தெரிந்துகொண்டு, செல்லாயியிடம்கூடக் காட்டிக்கொள்ளாமல், கொழுந்து பறித்துக் கொடுத்துவிட்டு வந்து வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கட்டளை போட்டவர் ஒருவரும் இல்லை.

பெரிய கங்காணி தலைப்பாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிரம்பைப் பூசாரியின் கையில் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறத் தொடங்கினார். லயத்து வாசல்களில் நின்று ஏசித்தான் அவருக்குப் பழக்கம். செல்லாயியின் காம்பரா வாசலில் போய் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். டொக்டரும் போய், கால்சட்டையோடு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெண்கள் உள்ளே போய் அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

ஓயாக்கரையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மேலே ஏறினார்கள். பாலம் திறந்து கிடந்தது. அன்று பொழுது சாயும்வரை ஒருவரும் அதைக் கடக்கவில்லை.